அப்பாவின் டிரங்குப் பெட்டி: ராணுவ வரைபடப் பிரிவில் இருந்தவர்களின் பிள்ளைகள் யாராவது இருக்கிறீர்களா?

பொதிகைமகள்:

வணக்கம். அப்பா இறந்து எட்டு மாதம் ஆகிறது. இத்தனை நாளும் அவருடைய பெட்டியைத் தொட அம்மா விடவில்லை. போன வாரம் அவரே சாவியை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார்.

கறுப்பு டிரங்குப் பெட்டி. மூடியில் வெள்ளைப் பெயிண்டில் அப்பாவின் எண், பதவி, பெயர். 'நாயக்' என்று எழுதியிருந்ததன் மேல் கறுப்பு அடித்து 'ஹவில்தார்' என்று மாற்றியிருக்கிறார்கள். சாய்த்துப் பார்த்தால் அடியில் நாயக் இன்னும் தெரிகிறது.

அப்பா 1966இல் பெங்களூரில் ராணுவப் பொறியாளர் படைப்பிரிவான மெட்ராஸ் சேப்பர்ஸில் சேர்ந்தார். 1988இல் ஓய்வு. அதில் பெரும்பாலான வருடங்கள் சர்வே பிரிவில். வீட்டில் யார் கேட்டாலும் "மேப் போடுற வேலை" என்று மட்டும் சொல்வார். எந்த ஊர், எந்த மலை, என்ன மேப், எதுவும் வாயில் வராது. நாங்களும் கேட்பதை விட்டுவிட்டோம்.

பெட்டியில் இருந்தவை: இரண்டு இதழ் போல் முனை உள்ள பேனாக்கள் ஏழு (பக்கத்தில் ஒரு சின்ன திருகு). மிக மெல்லிய நிப்புகள் ஒரு தீப்பெட்டியில். மடக்கி வைக்கும் பூதக்கண்ணாடி. மூன்று கால் உள்ள, உள்ளங்கையில் அடங்குகிற ஒரு கருவி, நடுவில் ஊசி. அப்புறம், ஒரு காக்கித் துணியில் சுற்றி, ஆரஞ்சு நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் தாள். தாள் முழுக்க முடி மாதிரி வளைவு வளைவாகக் கோடுகள்.

இவை என்னவென்று யாராவது சொல்ல முடியுமா? அப்பா என்ன செய்தார் என்பதைத் தெரிந்துகொள்ள எனக்கு இருக்கிற ஒரே வழி இந்தப் பெட்டிதான்.

ஒன்று மட்டும் நினைவிருக்கிறது. பிளஸ் டூவில் புவியியல் செய்முறை நோட்டில், ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கிற கான்டூர் கோடுகளால் ஒரு மலை வரைந்திருந்தேன். அப்பா லீவில் வந்திருந்தார். நோட்டை வாங்கிப் பார்த்தவர், ரப்பரை எடுத்து இரண்டு கோடுகளை அழித்தார். "கான்டூர் ஒண்ணை ஒண்ணு வெட்டாதும்மா. ஒரே இடம் ரெண்டு உயரத்துல இருக்க முடியாது." அன்று சாயங்காலம் முழுவதும் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவ்வளவு நேரம் அவர் என்னோடு உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

பழைய_சேப்பர்:

மகளே, உன் பதிவைப் பார்த்ததும் கை பரபரத்துவிட்டது. நானும் அதே தொழில்தான். 1971இல் சேர்ந்து 1995இல் நாயப் சுபேதாராக வெளியே வந்தேன்.

இதழ் பேனா ரூலிங் பென். திருகைத் திருப்பினால் கோட்டின் தடிமன் மாறும். சாலைக்கு ஒரு தடிமன், மாவட்ட எல்லைக்கு ஒரு தடிமன். மெல்லிய நிப்பு கான்டூருக்கும் எழுத்துக்கும். இவையெல்லாம் மையால் வரைந்த காலத்துச் சாமான்கள். அப்போது அச்சாகப் போகும் அளவைவிடப் பெரிதாக வரைவார்கள். கேமராவில் சுருக்கி எடுக்கும்போது கையின் சின்ன நடுக்கமெல்லாம் மறைந்துவிடும். அடியில் வழிகாட்டிக் கோடுகள் வெளிர் நீலத்தில் அச்சாகியிருக்கும். அந்த நீலம் கேமரா பிலிமில் விழாது, அதனால் அதன் மேலேயே வரையலாம்.

மூன்று கால் கருவி அதற்குப் பிறகு வந்தது. ஸ்கிரைபர் என்போம். நடுவில் இருப்பது சாதாரண ஊசியாக இருக்காது, நீலக்கல் முனையா என்று பார். ஆரஞ்சுத் தாள்தான் ஸ்கிரைப் ஷீட். அந்தப் பூச்சு அச்சுத் தகட்டைப் பாதிக்கிற வெளிச்சத்தை உள்ளே விடாது. ஸ்கிரைபரை ஓட்டினால் பூச்சு மட்டும் உரிந்து, கோடு இருக்கிற இடத்தில் வெளிச்சம் போகும். அதாவது அந்தத் தாளே நெகட்டிவ். இங்கே சுருக்கும் வேலையே கிடையாது. அச்சில் வரப்போகிற அளவிலேயே, மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குத் தடிமனில் கோடு இழுக்க வேண்டும். கை நடுங்கினால் நடுக்கம் அப்படியே அச்சாகும்.

அமுக்கினால் அடியில் உள்ள பிளாஸ்டிக் கீறிவிடும். லேசாக விட்டால் பூச்சு முழுதாக உரியாமல் கோடு பிசிறடிக்கும். பாதியில் கையை எடுத்தால் திரும்ப வைக்கிற இடத்தில் முடிச்சு விழும். ஒரு மலையைச் சுற்றி ஒரு கான்டூரை முடிக்கிறவரை எங்களுக்குள் யாரும் யாரையும் கூப்பிட மாட்டோம். பின்னால் வந்து நிற்பவன்கூடக் கோடு முடியட்டும் என்று காத்திருப்பான்.

உன் அப்பா மைப் பேனாவிலும் வேலை செய்திருக்கிறார், ஸ்கிரைபரிலும் செய்திருக்கிறார். பாதி வாழ்க்கையில் கையைப் புதிதாகப் பழக்குவது லேசான காரியமில்லை.

ஒன்று சொல்லு. தாளில் வளைவுக் கோடுகள் மட்டும்தானா? அப்படியானால் அது பழுப்பு நிறத்துக்கான தாள். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித் தாள் உண்டு. ஓரத்தில் ஷீட் எண் ஏதாவது இருந்தால் போட்டோ எடுத்துப் பொதுவில் போடாதே.

வைகைக்கரையான்:

என் அப்பா வரையவில்லை, அச்சடித்தார். லித்தோ பிரிண்டர். ஒரு வரைபடத்துக்கு ஆறு நிறம் என்றால் ஒரே காகிதம் ஆறு தடவை மெஷினுக்குள் போய் வர வேண்டும். காற்றில் ஈரம் ஏறினால் காகிதம் கொஞ்சம் நீளும். அப்புறம் நீல ஆறு பழுப்புப் பள்ளத்தாக்கில் உட்காராமல் கரையேறி நிற்கும். அதனால் காகிதத்தை முன்கூட்டியே அறையில் தொங்கவிட்டுப் பதப்படுத்துவார்களாம். மழைக்காலத்தில் வீட்டில் இருந்தால்கூட அப்பா காலண்டர் தாளின் ஓரத்தைத் தடவிப் பார்ப்பார்.

1971 போர் பற்றி அவர் எங்களிடம் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்: "அந்த வருஷம் நீலம் நிறையச் செலவாச்சு." அம்மாவுக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. கல்லூரியில் படிக்கும்போது வங்கதேச வரைபடம் ஒன்றை விரித்தேன். பத்மா, ஜமுனா, மேக்னா, அவற்றின் கிளைகள், கிளைகளின் கிளைகள். தாள் முழுக்க நீலம். பாலங்களை உடைத்துவிட்டதால் டிசம்பர் 9ஆம் தேதி நம் படையினர் மேக்னாவை ஹெலிகாப்டரில் கடந்தார்கள் என்று பிறகு படித்தேன். கடந்தவர்கள் கையில் இருந்த தாள்களில் எத்தனை என் அப்பாவின் மெஷினில் இருந்து போனவையோ. அவர் உயிரோடு இருக்கும்போது இதைக் கேட்கத் தோன்றவில்லை. அது எனக்குத் தீராத குறை.

செம்மண்வேலு:

என் அப்பா பிளேன் டேபிள்காரர். முக்காலியில் ஒரு பலகை, பலகையில் தாள், தாளின் மேல் பார்வைச் சட்டம். மலையில் ஏறி நின்று, ஏற்கெனவே இடம் தெரிந்த மூன்று புள்ளிகளைப் பார்த்துக் கோடு இழுத்தால் தான் நிற்கும் இடம் தாளில் விழும். மூன்று கோடும் ஒரே புள்ளியில் சந்திக்காமல் நடுவில் ஒரு குட்டி முக்கோணம் வந்தால் பலகையின் திசை சரியில்லை என்று அர்த்தம். திருப்பி வைத்து முதலில் இருந்து. "முக்கோணம் சாகிற வரைக்கும் அங்கேயே நிப்போம்" என்பார்.

அவருக்கு நடை முழுவதும் கணக்கு. நூறு அடி எடுத்து வைத்தால் எத்தனை மீட்டர் என்று பயிற்சியில் பழக்கியிருக்கிறார்கள், அது போகவே இல்லை. ஓய்வு பெற்ற பிறகு பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போதும் உதடு அசையும். பேசிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் பதில் வராது, எண்ணுகிறார் என்று தெரிந்துவிடும்.

ஒரு முறை பரங்கிமலைக்குக் கூட்டிப் போனார். பிரிட்டிஷ் ராணுவத்து நில அளவை அதிகாரி வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரல் 10ஆம் தேதி அதன் பக்கத்துச் சமவெளியில்தான் மற்ற அளவுகளுக்கெல்லாம் அடிப்படையான முதல் கோட்டை அளக்க ஆரம்பித்தார், ஏழரை மைல் நீளம். இந்தியா முழுவதையும் முக்கோணம் முக்கோணமாக அளந்துகொண்டு போன வேலைக்கு அதுதான் தொடக்கம். 1808இல் அரை டன் எடையுள்ள, கோணம் அளக்கிற தியோடலைட்டைத் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி நொறுங்கியதும், லாம்டன் ஆறு வாரம் உட்கார்ந்து அதைத் தட்டிச் சரிசெய்ததும் அப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும். தன்னுடைய வேலையைப் பற்றிச் சொல்லாதவர் லாம்டனைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார். இப்போது யோசித்தால், சொல்ல அனுமதி இருந்த பகுதியை மட்டும் சொல்லியிருக்கிறார் என்று தோன்றுகிறது.

வரைபடப்பித்தன்:

நான் செயற்கைக்கோள் படங்களோடு வேலை பார்ப்பவன், வயதில் சின்னவன். ஒரு சந்தேகம். போட்டோ போடக் கூடாது என்று சேப்பர் ஐயா சொன்னது இன்றைக்கும் அவசியமா? 2005 வரைபடக் கொள்கையிலேயே பாதுகாப்புத் துறைக்கு ஒரு வரிசை, பொதுமக்களுக்கு ஒரு வரிசை என்று பிரித்துவிட்டார்கள். 2017இல் இருந்து பொதுவரிசைத் தாள்களை சர்வே ஆஃப் இந்தியா தளத்தில் இலவசமாக இறக்கலாம். 2021 பிப்ரவரியில் விதிகளை இன்னும் தளர்த்தினார்கள். போனைத் திறந்தால் எந்த மலையும் தெரிகிறது. ஐம்பது வருடத்துக்கு முந்தைய தாளில் என்ன ரகசியம் இருக்கும்? மாறாக, இவை பதிவாகாமல் போனால் அந்தத் தலைமுறையின் வேலையே காணாமல் போய்விடுமே.

பழைய_சேப்பர்:

தம்பி, நீ சொல்வதில் பாதி சரி. கருவிகளைப் படம் எடுக்கட்டும், நினைவுகளை எழுதட்டும், நானே உட்கார்ந்து சொல்லித் தருகிறேன். ஆனால் பாதுகாப்பு வரிசைத் தாள் என்பது அந்தக் குடும்பத்தின் சொத்து இல்லை. பழசா புதுசா என்று முடிவு செய்ய வேண்டியது நீயும் இல்லை, நானும் இல்லை. 1923ஆம் வருடத்து அரசாங்க ரகசியச் சட்டம் இன்னும் இருக்கிறது. தெரியாமல் போட்டுவிட்டு ஒரு விதவைத் தாய் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டுமா? மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் போய்க் கேட்டால் வழி சொல்வார்கள்.

போனில் எல்லா மலையும் தெரிகிறது என்கிறாய். மலை தெரியும், மலையின் பேர் தெரியாது. ஆகாயப் படங்களை ஸ்டீரியோஸ்கோப்பில் ஜோடியாக வைத்துப் பார்த்தால் நிலம் அப்படியே எழுந்து நிற்கும். ஆனால் அந்த ஓடையை அங்கே இருக்கிறவர்கள் என்னவென்று கூப்பிடுகிறார்கள், அந்தக் கிணற்றில் கோடையில் தண்ணீர் நிற்குமா, இந்தப் பாதையில் கோவேறு கழுதை போகுமா என்பதை ஒருவன் நடந்து போய்க் கேட்டுத்தான் எழுத வேண்டும். மொழி தெரியாத ஊரில் ஒரு கிழவரைப் பிடித்து நாலு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டு எழுதின பேர்கள் எல்லாம் அந்தத் தாள்களில் இருக்கின்றன. எழுதினவன் பேர் இருக்காது. ஓரத்தில் சர்வேயர் ஜெனரலின் பேர் இருக்கும், எந்த வருடம் அளந்தார்கள் என்று இருக்கும். அவ்வளவுதான்.

வரைபடப்பித்தன்:

சரிங்க ஐயா, ஒத்துக்கொள்கிறேன். அந்த அம்மாவின் நிலையை நான் யோசிக்கவில்லை. ஆனால் பேச்சாவது பதிவாக வேண்டும். நீங்கள் பேசினால் நான் வந்து ஒலிப்பதிவு செய்கிறேன், எந்த ஊராக இருந்தாலும் சரி.

அஞ்சல்பெட்டி:

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டே இருக்கிறேன். என் அப்பாவும் சர்வேதான். எங்களுக்குப் பெட்டி எதுவும் இல்லை, அம்மா கட்டி வைத்திருக்கிற இன்லேண்ட் லெட்டர்கள்தான் இருக்கின்றன.

ராணுவக் கடிதத்தில் ஊர் இருக்காது என்பது உங்களுக்கெல்லாம் தெரியும். எண், பேர், யூனிட், கீழே '56 ஏ.பி.ஓ.', அதாவது ராணுவ அஞ்சலகம். 56 என்றால் மேற்கும் வடக்கும். 99 என்றால் கிழக்கு. கடிதம் வந்ததும் அம்மா பிரிப்பதற்கு முன்னால் அந்த எண்ணைத்தான் பார்ப்பார். 56 என்பது 99 ஆகியிருந்தால், "உங்கப்பா கிழக்கே போயிட்டாரு" என்பார். அப்புறம்தான் கத்தரிக்கோலை எடுப்பார். உள்ளே அப்பா என்ன எழுதினாலும் இடத்தைப் பற்றி ஒரு சொல் இருக்காது. "இங்கே குளிர் அதிகம்", "நலம்", "பெரியவனுக்குக் கணக்கு எப்படி?"

1984 ஏப்ரலில் சியாச்சினுக்குப் படை போன செய்தி பின்னால் பத்திரிகைகளில் வந்தபோது அப்பா வீட்டில் இருந்தார். அதில் என்.ஜே. 9842 என்று ஓர் இடம் வந்தது. நான் அதை ஏதோ முகாமின் ரகசியப் பெயர் என்று நினைத்துக் கேட்டேன். அன்றைக்குத்தான் அப்பா முதல் தடவை வேலையைப் பற்றிப் பேசினார். "அது பேர் இல்லை, கிரிட் ரெஃபரன்ஸ். என்.ஜே. என்கிறது பெரிய சதுரம். 98 கிழக்கே, 42 வடக்கே. பேர் இல்லாத இடத்துக்கு அதுதான் பேர்." 1949இல் இந்தியா-பாகிஸ்தான் போர்நிறுத்தக் கோட்டை அந்தப் புள்ளி வரைக்கும் விவரித்துவிட்டு, அதற்கு மேல் பனிமலைகளை நோக்கி வடக்கே என்று மட்டும் எழுதி நிறுத்தியதைச் சொன்னார். ஒரு காகிதத்தில் கோடு போட்டு, பென்சிலை அந்தப் புள்ளியில் நிறுத்தினார். "இங்கே ஒரு கோடு இழுக்காம விட்டாங்க. அதுக்குத்தான் பசங்க இப்ப அங்க நிக்கிறாங்க." குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. அப்பாவை அப்படி நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அந்தக் காகிதத்தை யாரோ குப்பையில் போட்டுவிட்டார்கள். அதைத்தான் இன்றுவரை தேடுகிறேன்.

செம்மண்வேலு:

அஞ்சல்பெட்டி அக்கா, என் அப்பாவும் அப்படித்தான். செய்தியில் ஏதாவது மலை வந்தால் டிவிக்கு அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். 1999இல் கார்கில் சமயம் இரண்டு மாதமும் அந்த நாற்காலி நகரவே இல்லை. மலைமுகட்டைக் காட்டும்போது கையை நீட்டி, சரிவு எந்தப் பக்கம் இறங்குகிறது என்று காற்றில் விரலால் வரைவார். எங்களுக்காக இல்லை, தனக்காக.

பொதிகைமகள்:

உங்கள் எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. நீங்கள் எழுதியதையெல்லாம் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஏ.பி.ஓ. எண் பற்றிப் படித்தபோது, "நானும் அதைத்தானே பார்ப்பேன், உன்கிட்ட சொன்னதே இல்லையா?" என்றார். சொன்னதே இல்லை.

சேப்பர் ஐயா, தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வளைவுக் கோடுகள் மட்டும்தான். ஷீட் எண் கிடையாது. ஓரத்தில் சின்னதாக அப்பாவின் பெயரின் முதல் எழுத்துகளும் '1975' என்றும் கீறியிருக்கிறது. ஐந்தாவது கோடு ஒவ்வொன்றும் தடிமனாக இருக்கிறது. இடது பக்கம் ஓரிடத்தில் மட்டும் சிவப்பாக ஏதோ பூசி, அதன் மேல் திரும்பவும் கோடுகள் போயிருக்கின்றன. தாள் கெட்டுப்போய்விட்டதா?

பழைய_சேப்பர்:

கெடவில்லை மகளே. எண் இல்லை என்றால் அது பயிற்சித் தாள். எங்கள் பிரிவில் பயிற்சித் தாளில் மட்டும்தான் ஓரத்தில் எழுத்தைக் கீற விடுவார்கள். ஸ்கிரைபிங் பழக ஆரம்பித்தபோது செய்திருப்பார். வீட்டில் வைத்திருக்கலாம், கவலைப்படாதே.

சிவப்பு, திருத்தம். தப்பாக உரித்துவிட்டால் அந்த இடத்தில் பூச்சுத் திரவத்தைத் தடவிக் காயவைத்து மறுபடி கீறுவோம். அந்தப் பூதக்கண்ணாடியை எடுத்துச் சிவப்புக்கு அடியில் பழைய கோடு எந்தப் பக்கம் வளைகிறது என்று பார்த்துச் சொல். கோடுகள் ஆங்கில 'வி' போல மடிகிற இடம் அதுவாக இருக்கும்.

பொதிகைமகள்:

பார்த்தேன். அடியில் இருக்கிற மூன்று கோடுகள் ஒரு பக்கம் மடிகின்றன. மேலே திருத்திய மூன்றும் அதற்கு நேர் எதிர்ப்பக்கம் மடிகின்றன.

பழைய_சேப்பர்:

அப்படித்தான் நினைத்தேன். பள்ளத்தாக்கில் கோட்டின் முனை மேட்டைப் பார்த்து மடியும். மலைமுதுகில் இறக்கத்தைப் பார்த்து மடியும். உன் அப்பா ஓடை வருகிற இடத்தில் முதுகைப் போட்டுவிட்டார். புதிதாகப் பழகுகிற எல்லாருக்கும் வருகிற தப்பு, எனக்கும் வந்தது. நாங்கள் அந்தத் தாளையெல்லாம் அன்றைக்கே கிழித்துப் போட்டோம். பயிற்றுநர் கண்ணில் படக் கூடாது என்று. அவர் பதின்மூன்று வருடம் இடம் மாற இடம் மாறத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்.

ஒரு கேள்வி. உன் பள்ளிக்கூட நோட்டில் அவர் அழித்த இரண்டு கோடு எங்கே இருந்தது, ஞாபகம் இருக்கிறதா?

பொதிகைமகள்:

ஓடையில், ஐயா. ஓடை மலையில் இருந்து இறங்குகிற இடத்தில்.

நீங்கள் இருப்பது எங்கள் ஊரில் இருந்து பஸ்ஸில் மூன்று மணி நேரம்தான் என்று தனிச்செய்தியில் சொன்னீர்கள். ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். பெட்டியில் உள்ள எல்லாவற்றையும் கொண்டுவருகிறேன். ஸ்கிரைபரில் ஊசி இன்னும் இருக்கிறது, நீலமாகத் தெரிகிறது. அதைப் பிடிக்கிற விதத்தை ஒரு தடவை எனக்குக் காட்டுங்கள். வரைபடப்பித்தன் தம்பி, நீங்களும் வாருங்கள். ரெக்கார்டரை மறக்க வேண்டாம்.